‘பேங்க்’ எல்லாம் வங்கி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் வரும் ‘ஒரு சொல், பல பொருள்’ வரிசையில் இந்த முறை ‘பேங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்ல தேர்வு. ஆனால் மூன்று இடங்களில் திருத்தம் தேவை. ஆற்றங்கரையைக் குறிக்கும் பேங்குக்கும் பணம் போடும் பேங்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எழுதியிருப்பது ஒன்று. பணம் போடும் பேங்க், ‘பாக்’ என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது என்பது இரண்டு. ‘கெப்பாசிட்டர் பேங்க்’ என்பதை ‘மின்தேக்கி வங்கி’ என்றும், கடலுக்கடியில் உள்ள பேங்கைக் ‘கடல் வங்கி’ என்றும் பெயர்த்திருப்பது மூன்று. இந்த மூன்றாவது கோளாறு மாணவர் பக்கத்தோடு நிற்பதில்லை. செய்திப் பக்கங்களிலும் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஆகவே கடிதம் கொஞ்சம் நீளும்.

வேரிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, டேனிஷ் முதலியவற்றுக்கெல்லாம் மூலமான பழைய ஜெர்மானிய மொழியில் ‘பங்க்’ என்ற அடி ஒன்று இருந்தது. எழுத்தில் கிடைத்ததன்று, கிளைமொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்தது. நீளமாக, தரையிலிருந்து சற்று உயர்ந்து கிடப்பது என்று அதன் பொருளைச் சொல்லலாம். மரத்தில் செய்தால் உட்காரும் பலகை. மண்ணில் அமைந்தால் மேடு, கரை. இந்த ஒரே அடியிலிருந்து பிறந்த சொற்கள் ஆங்கிலத்துக்கு நான்கு வழிகளில், வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தன. பெரிய அகராதிகளில் ஒரே எழுத்துக்கூட்டலின் தலையில் 1, 2, 3 என்று சிறிய எண் போட்டுத் தனித்தனிப் பதிவுகளாக வைத்திருப்பார்கள். வந்த வழி வேறு என்பதற்கான அடையாளம் அது. பிறந்த வீடும் வேறு என்று அதைப் படித்துவிடுவதால்தான் ‘ஒரு தொடர்பும் இல்லை’ என்ற முடிவு வருகிறது.

முதல் வழி, ஊரை விட்டு நகராத வழி. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் கடைசிக் ககரம் சகரமாகத் திரிந்து ‘பெஞ்ச்’ ஆயிற்று. பின்னால் இகர எகர ஒலிகள் வந்தால் ககரம் இப்படி மாறும். நாற்றத்துக்கு ‘ஸ்டிங்க்’ என்றும் ‘ஸ்டெஞ்ச்’ என்றும் இரு வடிவம் இருப்பதும், குடிப்பதற்கான ‘டிரிங்க்’ பக்கத்தில் நனைப்பதற்கான ‘டிரெஞ்ச்’ இருப்பதும் அதே கதைதான். தமிழ் மாணவருக்கு இதைப் புரியவைக்க ஆங்கில உதாரணமே வேண்டாம். கன்னடத்தில் ‘கிவி’, நம்மிடம் ‘செவி’. அங்கே ‘கெம்பு’, இங்கே ‘செம்மை’. நம் நகைக்கடைகளில் சொல்லும் கெம்புக்கல், திரியாத அந்த வடிவத்தை அண்டை மொழியிலிருந்து மறுபடி வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்திலும் அப்படியே. பெஞ்ச் வீட்டுச் சொல், பேங்க் பின்னால் வெளியிலிருந்து வாங்கிய சொல், இரண்டும் உடன்பிறப்பு.

இரண்டாவது வழி வடகடல் வழி. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய டேனியர்களும் நார்வேக்காரர்களும் கொண்டுவந்த சொல் ஆற்றங்கரைக்கும் மேட்டுக்கும் பெயராயிற்று. 1200 வாக்கில் ஆங்கில எழுத்தில் தென்படுகிறது. அவர்களுடைய பழைய மொழியான நார்ஸில் இது ‘பக்கி’, இன்றைய டேனிஷில் ‘பக்கெ’. மெல்லினம் உதிர்ந்து வல்லினம் இரட்டித்திருக்கிறது. நம் ‘அடங்கு’, ‘அடக்கு’ ஆவதைப் போல என்று காதுக்காகச் சொல்லலாம்; நம்முடையது இலக்கண மாற்றம், அவர்களுடையது வெறும் ஒலி மாற்றம். ஆங்கிலத்துக்கு வந்தது மெல்லினம் உதிராத வடிவம்.

மூன்றாவது வழி பிரெஞ்சு. பழைய பிரெஞ்சில் ‘பாங்க்’ என்றால் பெஞ்சுதான். துடுப்பு வலிப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்த பலகையின் பெயர், துடுப்பு வரிசைக்கும் பெயராகி, பிறகு ஆர்கன் வாத்தியத்தின் கட்டை வரிசைக்கும், கடைசியில் வரிசையாக அடுக்கிய எந்தக் கருவிக்கும் ஆயிற்று. இந்த வழியைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நான்காவது, இத்தாலி வழி. ஜெர்மானியரிடமிருந்து இத்தாலியர் எடுத்துக்கொண்ட பெஞ்சு, சந்தையில் காசு மாற்றுபவரின் பலகைக்குப் பெயராகி, அவருடைய தொழிலுக்கும் கடைக்கும் பெயராகி, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் பணப் பேங்காக நுழைந்தது. பலகை தொழிலுக்குப் பெயராவது இத்தாலிக்கு மட்டும் உரியதன்று. பார்சலோனா நகரம் 1401இல் தொடங்கிய பொது வங்கியின் பெயர் ‘தவுலா தெ கான்வி’, அதாவது மாற்று மேசை. கிரேக்கத்தில் இன்றும் வங்கிக்கு ‘திராபெசா’ என்றே பெயர். மேசைக்கும் நெடுங்காலமாக அதே சொல்தான். எருசலேம் ஆலயத்தில் இயேசு கவிழ்த்ததாகச் சொல்லப்படுபவை இந்தத் திராபெசாக்களே. பழைய தமிழ் விவிலியம் ‘காசுக்காரர்’ என்றும் ‘பலகைகள்’ என்றும் பெயர்த்திருக்கிறது. காரியத்தை அறிந்தவர் செய்த மொழிபெயர்ப்பு.

இப்போது ‘பாக்’ விவகாரம். வங்கியியல் கையேடுகள் பலவற்றின் முதல் பக்கத்தில் இந்த வாசகம் இருக்கும்: கூட்டு நிதி என்று பொருள்படும் ‘பாக்’ என்ற ஜெர்மன் சொல், இத்தாலியின் பெரும்பகுதி ஜெர்மானியர் கையில் இருந்தபோது ‘பாங்கோ’ ஆயிற்று என்று. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வந்தது இது. ஜெர்மனில் ‘பாக்’ என்று தொடங்கும் வினை ரொட்டி சுடுவதைக் குறிக்கும். பெஞ்சுக்கும் வங்கிக்கும் அங்கே ‘பங்க்’ என்ற ஒரே சொல், பன்மையில்தான் பிரிகிறது. பெஞ்சுகள் ‘பெங்கெ’, வங்கிகள் ‘பங்கென்’. முதலாவது அவர்களுடைய சொந்தச் சொல்லின் பன்மை. இரண்டாவது, இத்தாலிக்குப் போய்ப் பணத்தோடு திரும்பி வந்த சொல்லின் பன்மை. மூலம் ஜெர்மானியமே என்பது வரை கையேடு சொல்வது சரி. மற்றதை அடித்துவிட வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மனப்பாடம் செய்யும் வரி என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

அதே பக்கங்களில் தவறாமல் இடம்பெறும் இன்னொன்று, பணம் திருப்பித் தர முடியாத காசுக்காரரின் பெஞ்சை ஊரார் உடைத்தார்கள், அதனால் திவாலானவருக்கு ‘பேங்க்ரப்ட்’ என்று பெயர் என்பது. சொல்லின் பிரிப்பு சரிதான்: இத்தாலிய ‘பாங்கா ரொத்தா’, உடைந்த பலகை. ஆங்கிலத்தில் ‘பேங்க்ரவுட்’ என்றெல்லாம் முதலில் எழுதிப் பார்த்துவிட்டு, படித்தவர்கள் லத்தீன் ‘ருப்டா’வை நினைத்து நடுவில் ஒரு பகர ஒலியைச் செருகினார்கள். சந்தையில் உண்மையாகவே கோடரி எடுத்து உடைத்தார்களா என்பது வேறு. ‘உடைந்த’ என்பது வெறும் உவமையாகவும் இருக்கலாம். நாமும் வியாபாரம் படுத்துவிட்டது என்கிறோம், அது பாயில் படுப்பதில்லை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்து 1542ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு முதல் சட்டம். கடனைக் கட்டாமல் ஓடி ஒளிபவரைக் குற்றவாளியாகப் பார்த்த சட்டம் அது.

தமிழில் இதற்கு நாம் சொல்வது திவால், அது வடக்கிலிருந்து வந்தது. பேச்சில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’. வியாபாரிகள் மத்தியில் ‘ஐ.பி. கொடுத்துட்டார்’. ஐ.பி. என்பது ‘இன்சால்வென்சி பெட்டிஷன்’ என்ற நொடிப்பு மனுவின் ஆங்கில முதலெழுத்துகள். 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் என்ற தனியார் வங்கி நிறுவனம் கதவடைத்து ஆயிரக்கணக்கானவர் சேமிப்பு போனபோது நடந்ததும் இதுவே. அந்த அடிக்குப் பிறகுதான் 1907இல் இந்தியன் பேங்க் தொடங்கியது. மாணவர் பக்கத்தில் இத்தாலியச் சந்தைக்குப் பக்கத்தில் இதையும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

நம் பக்கத்துக்கு வந்த பெஞ்சும் ஒன்று உண்டு, கட்டுரையில் விட்டுப்போயிற்று. இலங்கைத் தமிழில் பெஞ்சுக்கு ‘வாங்கு’ என்பார்கள். பள்ளிக்கூட வாங்கு, பேருந்துத் தரிப்பிடத்து வாங்கு. ‘வாங்கு’ என்ற நம் வினைக்கும் இதற்கும் உறவில்லை; போர்த்துக்கீசிய ‘பாங்கோ’தான் இப்படி ஆனது. 1505இல் இலங்கைக் கரையில் இறங்கி, 1619இல் யாழ்ப்பாண அரசையும் பிடித்த போர்த்துக்கீசியர் வீட்டுச் சாமான் பெயர்களை வாரி இறைத்துவிட்டுப் போனார்கள். மேசை, அலுமாரி, சன்னல், சாவி எல்லாம் அவர்கள் தந்தவை. இலங்கையில் நாற்காலிக்குச் சொல்லும் கதிரையும் அப்படியே. சிங்களத்தில் ‘பங்குவ’, மலாயில் ‘பங்கு’, இரண்டும் பெஞ்சுதான். ஆக, யாழ்ப்பாணத்தில் ஒருவர் வங்கியில் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், ஒரே சொல் ஆங்கிலம் வழியாக ஒருமுறையும் போர்த்துக்கீசியம் வழியாக ஒருமுறையும் வந்து ஒரே வாக்கியத்தில் சந்தித்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பழைய இதழ்களில் பணப் பேங்கைப் ‘பாங்கு’ என்று எழுதினார்கள். தொழுகை அழைப்பான பாங்கும், நடையுடை பாங்கும் ஏற்கெனவே இருந்ததால் குழப்பம். ‘வங்கி’ நிலைத்ததில் ஒரு வசதி உண்டு. ஆனால் அந்தப் பெயரில் மேற்கையில் அணியும் வளைந்த நகை ஒன்று முன்பிருந்தே இருக்கிறது. அடகுக் கடை விளம்பரத்தில் இரண்டு வங்கியும் ஒன்றாக வரும்போது சிரிப்புத்தான்.

இனி, மொழிபெயர்ப்பில் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம்.

கெப்பாசிட்டர் பேங்க் என்பது துடுப்புக்காரரின் பெஞ்சு வழியே வந்த பேங்க். மில்லிலும் துணைமின் நிலையத்திலும் மின்தேக்கிகளை வரிசையாக இணைத்து ஒரே கட்டுப்பாட்டில் வைத்திருப்பார்கள். வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வேலைக்குப் பயன்படுகிறது என்று காட்டும் திறன் காரணி (பவர் ஃபேக்டர்) மோட்டார்களால் குறையும்; அதைத் தூக்கி நிறுத்த இது வேண்டும். மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேமிக்கிறதே, வங்கி என்றால் என்ன தவறு என்று கேட்கலாம். இங்கே பெயர் சேமிப்பால் வந்ததன்று, வரிசையால் வந்தது. ரெசிஸ்டர் பேங்க் எதையும் சேமிப்பதில்லை, வந்த மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கிறது; அதற்கும் பேங்க் என்றே பெயர். லிஃப்ட் பேங்க், சுவிட்ச் பேங்க், ஃபோன் பேங்க் எல்லாம் இந்த இனம். ‘மின்தேக்கித் தொகுதி’, ‘லிஃப்ட் வரிசை’ என்று எழுதினால் தீர்ந்தது. பேட்டரி பேங்கும் இதில் அடங்கும். பவர் பேங்க் மட்டும் பணப் பேங்கின் உருவகம். அதை ‘பவர் பேங்க்’ என்றே விடலாம், எல்லோருக்கும் தெரியும்.

ஆற்றங்கரைப் பேங்கிலிருந்து கிளைத்தது சாய்வு என்ற பொருள். சாலை வளைவில் வெளிவிளிம்பை உயர்த்துவதற்கு ஆங்கிலத்தில் ‘பேங்கிங்’ என்று பெயர். வேகத்தில் திரும்பும் வண்டி வெளியே தள்ளப்படாமலிருக்க அந்தச் சாய்வு உதவுகிறது. சாய்வைக் கணக்கிட இந்தியச் சாலைப் பேரவையின் விதி: மணிக்குக் கிலோமீட்டரில் வேகத்தின் வர்க்கத்தை, மீட்டரில் வளைவின் ஆரத்தின் 225 மடங்கால் வகுக்க வேண்டும். 60 கி.மீ. வேகம், 300 மீட்டர் ஆரம் என்றால் 3600ஐ 67,500ஆல் வகுத்து 0.053, அதாவது 5.3 விழுக்காடு. 7 மீட்டர் அகலச் சாலையில் வெளிவிளிம்பு உள்விளிம்பை விட சுமார் 37 செ.மீ. உயரும். வடிவமைப்பு வேகத்தில் முக்கால் பங்கையே கணக்கில் எடுத்திருக்கிறார்கள். முழு வேகத்துக்கும் சாய்த்தால் மெதுவாகப் போகும் கரும்பு லாரி உட்பக்கம் சரியும். சமவெளியில் உச்சவரம்பு 7 விழுக்காடு, பனி பெய்யாத மலைச்சாலையில் 10. வரம்பை மீறி விடை வந்தால், சாய்வைக் கூட்டாமல் வரம்பிலேயே நிறுத்திவிட்டு, மிச்சத்தை டயருக்கும் சாலைக்குமான உராய்வு தாங்குமா என்று பார்ப்பார்கள். தாங்காவிட்டால் வேக வரம்புப் பலகை நடுவார்கள். விபத்துச் செய்தியில் ‘சாலையின் பேங்கிங் சரியில்லை’ என்று பொறியாளர் சொன்னால், ‘வளைவின் சாய்வு சரியில்லை’ என்று போட வேண்டும்.

விமானத்துக்கும் இதே பொருள். ‘பேங்க் ஆங்கிள்’ என்றால் சாய்கோணம். இறக்கை 30 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது உள்ளிருப்பவர் எடை சுமார் 15 விழுக்காடு கூடியதாக உணர்வார். 60 பாகையில் இரண்டு மடங்கு. விமான விபத்து விசாரணை அறிக்கைகள் வரும்போது இந்தச் சொல் பத்து இடத்தில் வரும். மொழிபெயர்ப்புச் செயலி பத்திலும் ‘வங்கிக் கோணம்’ என்று போட்டுவிட்டுப் போகும்.

ரயில்வேயில் ‘பேங்கர்’ என்றொரு சொல் உண்டு, பணக்காரரைக் குறிப்பதில்லை. பிரிட்டிஷ் ரயில்காரர்கள் ஏற்றப் பாதையைப் ‘பேங்க்’ என்பார்கள். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளிவிடும் கூடுதல் எஞ்சின் ‘பேங்கர்’. கர்ஜத்–லோனாவாலா, கசாரா–இகத்புரி மலைத்தடங்களில் 37க்கு 1 என்ற ஏற்றம். அங்கே வால்பக்கம் எஞ்சின் மாட்டுவார்கள். செங்கோட்டை–புனலூர் மலைத்தடத்திலும் உண்டு. முன்னாலேயே இன்னொரு எஞ்சின் மாட்டினால் என்ன என்ற கேள்வி எழும். முழு பாரத்தையும் முன்பக்கத்திலிருந்தே இழுத்தால் முதல் சில பெட்டிகளின் இணைப்பு தாங்க வேண்டிய விசை அளவு மீறும். பிய்த்துக்கொண்டால் பின்பகுதி சரிவில் ஓடும். பின்னால் எஞ்சின் இருந்தால் இரண்டுக்கும் காவல். ‘தள்ளு எஞ்சின்’ என்று எழுதுங்கள். தொழிலாளர் வாயில் இருக்கும் ‘பேங்கர்’ பக்கத்தில் இருக்கட்டும்.

தீயைப் பேங்க் செய்வது என்றால், கங்குகளைக் குவித்துச் சாம்பலால் மூடிவைப்பது. காற்று குறைந்து மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். காலையில் கிளறிவிட்டால் பற்றிக்கொள்ளும். நீராவி எஞ்சின் காலத்தில் இரவு முழுவதும் கொதிகலனைத் தயாராக வைத்திருக்க இதையே செய்தார்கள். அதிகமாக மூடினால் அணைந்துவிடும், குறைவாக மூடினால் விடிவதற்குள் எரிந்து தீரும். ‘பேங்க்ட் ஃபயர்’ என்பதற்கு ‘நீறு பூத்த நெருப்பு’ தயாராக இருக்கிறது. மேகக் குவியலும் பனிமூட்டத் திரளும் இதே மேட்டுப் பொருளில் வந்த பேங்குகள்.

கடலுக்கு வருவோம். கடலை அளந்து வரைபடமாக்கும் கடற்படவியலில் பேங்க் என்றால், சுற்றியுள்ள கடலடித் தரையை விட உயர்ந்து, ஆனால் மேலே கப்பல் தடையின்றிப் போகும் அளவுக்குத் தண்ணீர் உள்ள மேடு. கப்பல் தட்டிவிடும் ஆபத்து இருந்தால் அதற்கு ‘ஷோல்’ என்று வேறு பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே உள்ள கிராண்ட் பேங்க்ஸ் உலகப் பெயர் பெற்றது. நமக்கு அருகில் கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தையொட்டி இந்தியாவின் உரிமை உறுதியான மீன்வளப் பகுதி. அடிநீரிலுள்ள சத்துகள் மேடுகளில் மோதி மேலே வருவதால் மிதவை உயிர்கள் பெருகி, அவற்றைத் தேடி மீனும் கூடுகிறது. மீன்வளம் குவிந்திருப்பதால் ‘வங்கி’ என்று பெயர் வந்தது என்று இணைப்பிதழ் விளக்குவது அழகான கற்பனை, உண்மையன்று. மன்னார் வளைகுடாவின் மீனவரும் முத்துக்குளிப்பவரும் இத்தகைய கடலடிப் பாறைத்தரையைப் ‘பார்’ என்பார்கள். ஆங்கில ஆவணங்களின் ‘பேர்ல் பேங்க்ஸ்’ நம் முத்துப்பார். மண் மேடாக இருந்தால் மணல் திட்டு. வாட்ஜ் பேங்கைப் பெயராக அப்படியே எழுதிவிட்டு, விளக்கத்தில் ‘கடலடி மேடு’ என்று ஒருமுறை சொன்னால் குமரி மாவட்டத்து வாசகர் சிரிக்காமல் படிப்பார்.

ஆற்றங்கரையில் ‘நதி வங்கி’ என்று எழுதும் அளவுக்கு மனிதர் யாரும் இல்லை, செயலிதான் எழுதும். மனிதர் தவறுவது இடது வலதில். இடது கரை, வலது கரை என்பதை நீர் ஓடும் திசையை நோக்கி நின்று சொல்ல வேண்டும். வரைபடத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது. காவிரி கிழக்கே ஓடுவதால் திருச்சி நகரம் அதன் வலது கரையில். பாரிஸுக்குள் சேன் ஆறு மேற்கு நோக்கி ஓடுவதால் நகரின் தென்பாதி ‘இடது கரை’. யோர்தான் தெற்கே ஓடுகிறது. அரசியல் செய்தியில் வரும் ‘மேற்குக் கரை’, நீரியல் கணக்கில் வலது கரை. அணைத் திட்டச் செய்திகளில் இடது கரைக் கால்வாயை வலதாக்கினால் பாசன விவசாயியின் தொலைபேசி வரும்.

‘வங்கி’ எங்கே பொருந்தும்? போட்டுவைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் பொருந்தும். ரத்த வங்கி அப்படித்தான் பெயர் பெற்றது. சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் 1937இல் டாக்டர் பெர்னார்ட் ஃபான்டஸ் இந்தப் பெயரை வைத்தார். போட்டுவைத்தால்தான் எடுக்க முடியும் என்ற வங்கிக் கணக்கையே அவர் மனதில் கொண்டிருந்தார். ஆனால் இந்த இருப்பு வட்டி போடாது, காலாவதியாகும். சிவப்பணுக்களை 2 முதல் 6 பாகை செல்சியஸில் வைத்து, சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வைத்திருக்கலாம். தட்டணுக்களைக் குளிரில் வைக்காமல் 20 முதல் 24 பாகையில் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் 5 நாள்தான். இந்தியாவில் 2020இல் விதிகளைத் திருத்தி ‘ரத்த மையம்’ என்று பெயரை மாற்றிவிட்டார்கள். அரசாணைச் செய்திகளில் அதையே எழுத வேண்டும். வாக்கு வங்கி நம் நாட்டிலேயே பிறந்த சொல், சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1955இல் மைசூர்க் கிராமம் ஒன்றைப் பற்றிய கட்டுரையில் பயன்படுத்தினார். அவர் சொன்னது ஊர்ப் பெரியவர் கையில் இருக்கும் வாக்குகளை. இன்று ஒரு சாதியோ மதமோ முழுவதையும் அப்படிச் சொல்வது பின்னால் வந்த பழக்கம். பிரிட்டன் செய்திகளின் ‘பேங்க் ஹாலிடே’யை ‘வங்கி விடுமுறை’ என்றால் வங்கிக்கு மட்டும் விடுமுறை என்று ஆகிவிடும். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் அப்படி அமைந்தது. பொருள் பொது விடுமுறை.

பெஞ்சு நீதிமன்றத்துக்குப் போனதையும் கவனிக்க வேண்டும். இரு நீதிபதிகள் பெஞ்சை ‘அமர்வு’ என்றும், மதுரை பெஞ்சைக் ‘கிளை’ என்றும் தங்கள் நாளிதழ் எழுதுவது சரியே. அமெரிக்கச் செய்திகளில் ‘ஆன் பாங்க்’ என்று வந்தால், அது பழைய பிரெஞ்சுப் பெஞ்சு: நீதிமன்றத்தின் முழு அமர்வு. வங்கி வழக்கு என்று நினைத்துத் தலைப்பிடக்கூடாது.

மாணவர்களுக்கு அகராதி பார்க்கும் முறையையும் அந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி போன்ற வரலாற்று அகராதியில் முதலில் இருப்பது மிகப் பழைய பொருள். பள்ளி மாணவர்க்கான அகராதியில் முதலில் இருப்பது பெரும்பாலும் அதிகம் வழங்கும் பொருள். இரண்டையும் ஒன்றாக எண்ணி, எதைத் திறந்தாலும் முதல் பொருளை எடுத்துக்கொள்வதால்தான் பாதித் தவறுகள். முதலில் தலையெண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு பெயரா வினையா என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தச் சொல்லோடு வாக்கியத்தில் கூட வருவது எது என்று பார்க்க வேண்டும். ‘ஆஃப்’ வந்து பின்னால் கருவிப் பெயர் பன்மையில் வந்தால் வரிசை. ‘ஆன்’ வந்து வினையாக இருந்தால் நம்பியிருத்தல். பாகைக் குறி வந்தால் சாய்வு. சேமிக்க, எடுக்க என்ற வினைகள் பக்கத்தில் இருந்தால் வங்கி. எதுவும் பிடிபடவில்லை என்றால் அந்தத் துறையில் வேலை செய்பவரைக் கேட்பதுதான் வழி. அகராதிக்காரர்கள் ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். முழுவதையும் யாரும் மனத்தில் வைத்திருக்க முடியாது.

‘பாக்’ பற்றிய திருத்தத்தை மட்டுமாவது மாணவர் பக்கத்திலேயே, கண்ணில் படும் இடத்தில் வெளியிட வேண்டுகிறேன். அடுத்து ‘ஸ்டாக்’ வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். பங்குச் சந்தையை எழுதும்போது மரக்கட்டையிலிருந்து தொடங்குங்கள். இங்கிலாந்தில் கடன் கணக்குக்குக் குச்சியில் வெட்டுப் போட்டு நெடுக்காகப் பிளந்து, கடன் கொடுத்தவர் வைத்துக்கொண்ட நீளத் துண்டுக்கு ‘ஸ்டாக்’ என்று பெயர். தேவையற்றுப் போன அந்தக் குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று மொத்தமாக அடுப்பிலிட்டபோதுதான் லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி